ஆமாம், மனு இருக்கிறது

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ மகனோ கிரீன் கார்டுக்கு மனுப் போட்டுவிட்டால் அது முடிகிறவரை டூரிஸ்ட் விசா கேட்கக் கூடாது, கேட்டாலும் மனு இருப்பதைச் சொல்லக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு ஊறிக் கிடக்கிறது. ராஜபாளையத்துக் கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலும் கேட்டிருக்கிறேன். முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி ஆபத்து. அந்த ஆபத்தைக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீல் இல்லை. கான்சாபுரத்துக்காரி. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து 2023-ல் ஓய்வு பெற்றேன். கூமாபட்டிக்குப் பக்கம் என்று சொன்னால் இப்போது எல்லோருக்கும் புரிகிறது. 2025-ல் ரீல்ஸ் பார்த்துவிட்டுப் பிளவக்கல் அணையைத் தேடிக் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். அங்கே குளிக்க விடமாட்டார்கள் என்பது வந்த பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. இருந்தாலும் எங்கள் ஊருக்கு வர யாரும் திரும்பிப் போவேன் என்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

என் அண்ணன் 1998-ல் எச்-1பி விசாவில் போனவர். ஒய்2கே வேலைக்கு ஊர் ஊராக இளைஞர்களை அள்ளிக்கொண்டிருந்த காலம் அது. 2011-ல் அமெரிக்கக் குடிமகனானார். அதே வருடம் என்னைக் கேட்காமலேயே எனக்கு ஐ-130 மனுவைப் போட்டுவிட்டு, போனில் தீபாவளிப் பரிசு போலச் சொன்னார். அப்போது என் மகனுக்கு 17 வயது, மகளுக்கு 13. பிள்ளைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அவருடைய கணக்கு.

கணக்கு எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மனுப் போட்ட பல குடும்பங்களுக்கே இது தெரிவதில்லை. குடிமகனின் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளை ஆகியோருக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. மனு தேறினால் நேரே அடுத்த கட்டம். கூடப் பிறந்தவர்களுக்கு எஃப்4 என்ற தனி வரிசை. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி உலகம் முழுவதற்கும் அந்த வரிசைக்கு வருடத்துக்கு 65,000 விசாதான் அடிப்படை ஒதுக்கீடு. தங்கைக்கு ஒன்று, அவள் புருஷனுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று அதிலிருந்தே கழியும். அதற்கு மேல், எந்த ஒரு நாடும் குடும்ப, வேலைவாய்ப்பு வகை விசாக்களில் ஏழு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டின் என்ற பட்டியலை வெளியிடுகிறது. 2025-ல் அதில் இந்திய உடன்பிறப்புகளுக்கு 2006-ல் போட்ட மனுக்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. பத்தொன்பது வருடப் பின்தங்கல். அண்ணன் அதை மாதம் தவறாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். சில மாதம் தேதி ஒரு வாரம் நகரும், சில மாதம் அசையாது.

இதற்கிடையில் பிள்ளைகள் 21-ஐத் தாண்டிவிட்டார்கள். 2002-ல் வந்த ஒரு சட்டம், மனு அலுவலக மேசையில் பரிசீலனைக்குக் கிடந்த காலத்தை மட்டும் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. வரிசையில் நின்ற காலத்தைக் கழிக்க விடுவதில்லை. என் மகன் பெங்களூரில் இருக்கிறான். மகள் மதுரையில் கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துகிறாள். மனுவில் இப்போது மிச்சமிருப்பது நானும் என் வீட்டுக்காரரும்தான். அவருக்கோ பிளவக்கல் பாசனத்தில் உள்ள தென்னந்தோப்பை விட்டு மதுரையில் ஒரு ராத்திரி தங்கச் சொன்னாலே வயிறு கலங்கும்.

ஆக, குடியேற விருப்பமில்லாத இரண்டு பேருக்கு ஒரு குடியேற்ற மனு நிலுவையில் இருக்கிறது. அண்ணனையும் மதினியையும் போய்ப் பார்க்க எனக்கு ஆசை இருக்கிறது. அவர் வந்து பார்க்கலாமே என்பார்கள். வருகிறார். ஆனால் அவர் மகளுக்குப் பேறுகாலம் நியூ ஜெர்சியில்தானே நடக்கும்? எண்பதை நெருங்கிய அம்மாவுக்கு, மகன் இருபது வருடமாகப் புழங்குகிற அடுப்படியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு தவிப்பு. அண்ணன் அம்மாவுக்கும் மனுப் போடுகிறேன் என்று நின்றார். அம்மா விடவில்லை. “பார்க்கத்தானய்யா வாரேன், குடியிருக்கவா வாரேன்?” என்றாள்.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் மொத்தச் சிக்கலும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. 1952-ல் இயற்றிய சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. டூரிஸ்ட் விசா கேட்டு வருகிற எவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடுதான் வருகிறார் என்று அதிகாரி முதலில் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று காட்டுவது கேட்பவரின் பொறுப்பு. மனு இல்லாதவருக்கும் இதே அனுமானம்தான். மனு உள்ளவர், நான் ஒருநாள் குடியேறுவேன் என்று கையெழுத்தான காகிதம் ஒன்று ஏற்கெனவே கிடக்கும்போது, இந்தத் தடவை பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று நம்பவைக்க வேண்டும். கடினம்தான். ஆனால் தடை ஏதும் இல்லை. மனு இருந்தாலே விசா மறுக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் முடிவுக்கு விடப்பட்ட விஷயம் அது.

விண்ணப்பம் டிஎஸ்-160 என்ற ஆன்லைன் படிவம். அதில் உங்களுக்காக யாராவது எப்போதாவது குடியேற்ற மனுத் தாக்கல் செய்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி வரும். எனக்கும் அம்மாவுக்குமான படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு டிராவல்ஸ்காரரிடம் போயிருந்தோம். அவர் பெயர் வேண்டாம். “டீச்சர், இந்த இடத்துல மட்டும் ‘நோ’ போட்டுருவோம். ‘எஸ்’னு போட்டா சீட்டைத் திருப்பிக் கையில குடுத்துருவாங்க. அமெரிக்காவுல அண்ணன் இருக்காருங்கிறதையும் விட்டுருவோம்” என்றார். குரலில் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. பத்து பேருக்கு அப்படிப் போட்டுக் கொடுத்ததாகவும் சொன்னார். அந்தப் பத்து பேரை நினைத்தால்தான் எனக்குப் பகீரென்கிறது.

ஏனென்று சொல்கிறேன். மனு தேறியதும் அந்தக் கோப்பு நேஷனல் விசா சென்டர் என்ற இடத்துக்குப் போய்விடுகிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறது அது. அதை நடத்துவது வெளியுறவுத் துறை. டூரிஸ்ட் விசா கொடுக்கிற தூதரகங்களும் அதே வெளியுறவுத் துறைதான். பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிற சப்-ரிஜிஸ்திராரிடமே போய் பத்திரம் எழுதவே இல்லை என்று சாதிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அன்றைக்கே பிடிபடாமல் போகலாம். டூரிஸ்ட் விசா கிடைத்துப் போய்க்கூட வந்துவிடலாம். பத்து வருடம் கழித்து முறை வந்து, குடியேற்ற விசாவுக்கு மும்பையில் நேர்காணலுக்கு நிற்கும்போது பழைய படிவம் திரையில் வந்து நிற்கும்.

விசா வாங்க வேண்டுமென்றே முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னார் என்று முடிவானால் வாழ்நாள் முழுவதும் அமெரிக்காவுக்குள் நுழையத் தகுதி போய்விடும். விலக்குக் கேட்க வழி உண்டு. குடியேற வருகிறவரின் கணவனோ மனைவியோ, அப்பாவோ அம்மாவோ அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்து, பிரிவால் அவர்கள் தாங்க முடியாத துன்பம் அடைவார்கள் என்று காட்ட வேண்டும். உடன்பிறந்தவர் படும் துன்பம் கணக்கில் வராது. பெற்ற பிள்ளை படும் துன்பமும் வராது. மகன் போட்ட மனுவை மறைத்த தாய்க்கு, அந்த மகன் எவ்வளவு அழுதாலும் விலக்கு வாங்கித் தர முடியாது. இதை அந்த டிராவல்ஸ்காரர் யாருக்கும் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மனுவை வாபஸ் வாங்கிவிட்டு விண்ணப்பித்தால் ‘இல்லை’ என்று போடலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். தென்னை மரத்தில் ஏறாமலேயே காய் எண்ணுகிற மூளை. அதுவும் நடக்காது. இப்போது மனு இருக்கிறதா என்பதல்ல கேள்வி, எப்போதாவது போடப்பட்டதா என்பது. வாபஸ் வாங்கியவரும் ‘ஆமாம்’ என்றுதான் போட வேண்டும். வரிசையில் காத்த வருடங்கள் வீணாகப் போனதுதான் மிச்சம்.

நாங்கள் படிவத்தை வீட்டில் என் மகளை உட்காரவைத்து நாங்களே நிரப்பினோம். ‘ஆமாம்’ போட்டு, கீழே விளக்கம் எழுதும் கட்டத்தில் அண்ணன் 2011-ல் போட்ட எஃப்4 மனு என்று எழுதினோம். ஆளுக்கு 185 டாலர் கட்டணம். நம் காசுக்குப் பதினைந்தாயிரத்துக்கு மேல். விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது. நேர்காணலுக்குப் பொதிகை ரயிலில் சென்னைக்குப் போனோம். பட்டா, சிட்டா, அடங்கல், பென்ஷன் புத்தகம், தோப்புக்கு மின் இணைப்பு வாங்கிய ரசீது வரைக்கும் ஒரு பையில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அந்தப் பையைப் பார்க்கவே இல்லை. பொதுவாகப் பார்க்கமாட்டார்களாம். நேர்காணல் சில நிமிடங்களில் முடிகிற விஷயம், வாயில் வருகிற பதிலும் திரையில் இருக்கிற படிவமும்தான் பேசும் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

மனுவைப் பற்றிக் கேட்டார். என் முறை வர இன்னும் பல வருடம் ஆகும், அதற்குள் போய்த் தங்கிவிட்டால் இருக்கிற இடமும் போய்விடும், அந்த அளவு கணக்கு எனக்குத் தெரியும் என்றேன். இது தந்திரப் பேச்சு அல்ல, உண்மை. அனுமதித்த தேதியைத் தாண்டி ஒரு நாள் தங்கினாலே அந்த விசா செல்லாமல் போகும். 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று ஆண்டு உள்ளே வர முடியாது, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து ஆண்டு. எஃப்4 வரிசையில் நிற்கிறவருக்கு அங்கே ஒளிந்திருந்து கிடைக்கப்போவது எதுவும் இல்லை. காத்திருக்கிற ஆளைத்தான் திரும்பி வருவார் என்று அதிகம் நம்பலாம். சட்டம் அவரைத்தான் அதிகம் சந்தேகிக்கிறது.

எங்கள் இருவருக்கும் விசா கிடைத்தது. உண்மை சொன்னால் கிடைத்துவிடும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்ன ஒரு பெண்ணுக்கு மறுக்கப்பட்டது. அவள் மனு இன்னும் உயிரோடு இருக்கிறது, அடுத்த வருடம் மறுபடி கேட்கலாம். பொய் சொல்லிப் பிடிபட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

விசா என்பது வாசல் வரைக்கும் போகிற அனுமதிதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே விடுவதும் எத்தனை நாள் என்று குறிப்பதும் அங்கே விமான நிலையத்து அதிகாரி. பத்து வருட விசா என்று நாம் சொல்வது பத்து வருடம் தங்குவதற்கு அல்ல. ஒரு தடவைக்கு வழக்கமாக ஆறு மாதம். அந்த அதிகாரியும் மனுவைப் பற்றிக் கேட்டார், அதே பதிலைச் சொன்னேன். எப்போது திரும்புவீர்கள் என்று அம்மாவைக் கேட்க, நான் மொழிபெயர்த்தேன். ஆடிப்பூரத் தேருக்கு முன்னாடி என்றாள். ஆண்டாள் கோயில் தேர் என்றால் என்ன என்று ஆங்கிலத்தில் விளக்க எனக்கு வாய் வரவில்லை, ‘டெம்பிள் ஃபெஸ்டிவல்’ என்று முடித்துக்கொண்டேன். அந்தப் பதிலைவிட உறுதியான சாட்சியம் அவளிடம் வேறு எதுவும் கிடையாது. வங்கிக் கணக்கில் இருப்பு வைத்துக் காட்டலாம், பட்டா காட்டலாம். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிற தேரை இந்த வருடமும் பார்த்தே தீருவாள் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சொன்னபடியே வந்தோம், தேரும் பார்த்தாள்.

அதிகாரிகளின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். குடிமகனின் பெற்றோரோ மனைவியோ முறைப்படி உள்ளே வந்துவிட்டால், அங்கே இருந்தபடியே கிரீன் கார்டுக்கு மாற விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. டூரிஸ்ட் என்று சொல்லிப் போய் அப்படித் தங்கியவர்கள் உண்டு. அதற்காகத்தான், வந்த 90 நாளுக்குள் நோக்கத்துக்கு மாறாக நடந்தால் வரும்போதே பொய் சொன்னதாக அனுமானிக்கலாம் என்று 2017-ல் தூதரக அதிகாரிகளுக்கான கையேட்டில் சேர்த்தார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதுதான் என் புகார். அண்ணன் எச்-1பி விசாவில் இருந்தபோது கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஊருக்கு வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். 1990-ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பிக்கும் எல் விசாவுக்கும் அந்தச் சலுகையைக் கொடுத்தது. தற்காலிகமாக வருகிறேன், பிறகு குடியேறவும் விரும்புகிறேன் என்று ஒரே வாயால் அவர்கள் சொல்லலாம். வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது இரண்டு எண்ணமும் ஒரே மனதில் இருக்க முடியும் என்று புரிந்த சட்டத்துக்கு, தங்கச்சி என்று வந்தால் புரியவில்லை.

இந்த இடைஞ்சலால் நடக்கிற இன்னொரு கூத்து உண்டு. டூரிஸ்ட் விசா சந்தேகம், பெற்றோர் மனு சீக்கிரம் தேறும் என்பதால், மூன்று மாதம் பேரனைப் பார்க்க ஆசைப்படுகிற பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கிரீன் கார்டே வாங்கிவிடுகிறார்கள். ராஜபாளையத்திலும் சத்திரப்பட்டியிலும் அப்படிக் கார்டும் கையுமாகத் திண்டாடுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். கிரீன் கார்டு என்றால் அங்கே வசிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டுப் போனால் கேள்வி. ஒரு வருடம் தாண்டினால், கிளம்பும் முன்பே விண்ணப்பித்து வாங்கிய ரீ-என்ட்ரி பெர்மிட் இல்லாவிட்டால் கார்டுக்கே ஆபத்து. அங்கே அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் காசு கட்டிச் சேருவதற்கே 65 வயதோடு ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். அதனால் கார்டைக் காப்பாற்ற வருடா வருடம் பனிக்காலத்தில் விமானம் ஏறுகிறார் ஒரு தாத்தா. பார்க்கப் போக நினைத்தவரைக் குடியேறியவராக்கியது இந்தச் சட்டம்தான்.

இப்போது இன்னும் இறுகியிருக்கிறது. 79 வயதைக் கடந்தவர்களுக்கு முன்பு நேர்காணல் விலக்கு உண்டு. 2025 செப்டம்பர் 2 முதல் அதை எடுத்துவிட்டார்கள். எண்பத்தைந்து வயதுப் பாட்டியும் ராத்திரி ரயிலேறிச் சென்னைக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும்.

வேறு வழி இல்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. கனடாவின் குடியேற்றச் சட்டம், நிரந்தரமாகக் குடியேறும் விருப்பம் இருப்பதை மட்டும் வைத்துத் தற்காலிக வருகையை மறுக்கக் கூடாது, குறித்த காலத்தில் கிளம்புவார் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் போதும் என்கிறது. 2011-ல் அவர்கள் பெற்றோர், தாத்தா பாட்டிகளுக்கு சூப்பர் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பத்து வருடம் வரை செல்லும், 2022 முதல் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். பிள்ளைக்குக் குறிப்பிட்ட வருமானம் வேண்டும், பெற்றோருக்கு ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். செலவுதான். ஆனால் டொரொன்டோவில் பிள்ளை இருக்கும் யாழ்ப்பாணத்துத் தாய் குடியேற்ற மனு நிலுவையில் இருக்கும்போதே போய் வரலாம், அதற்காக எதையும் மறைக்க வேண்டியதில்லை.

அமெரிக்கா இதை யோசிக்காமல் இல்லை. 2000-ல் ஒரு சட்டம் போட்டு, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களின் மனைவி மக்கள் மூன்று வருடத்துக்கு மேல் வரிசையில் நின்றால் அங்கேயே வந்து காத்திருக்கலாம் என்று ‘வி’ விசாவைக் கொடுத்தது. அந்த வருடம் டிசம்பர் 21-க்குள் போட்ட மனுக்களுக்கு மட்டும் என்று தேதி வைத்ததால் அது தானாகவே செத்துப்போனது. 2021-ல் உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்கு 90 நாள் தனி விசா கேட்டு, இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து ஒரு மசோதாவை அங்கே காங்கிரஸில் கொண்டுவந்தார்கள். அங்கே இருப்பவர் செலவுக்கும் காப்பீட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும், வந்தவர் அங்கிருந்தே குடியேறியவராக மாற முடியாது. அதிகாரியின் சந்தேகத்துக்கும் பதில் அதிலேயே இருந்தது. நிறைவேறவில்லை.

அதை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு அங்கே ஓட்டு இல்லை, அண்ணனுக்கு இருக்கிறது. அவர் மாதிரி ஆயிரக்கணக்கான தமிழர்கள் வருடா வருடம் ஜூலை 4-ஐ ஒட்டி ஃபெட்னா விழாவில் கூடுகிறார்கள். இங்கிருந்து நடிகர்களும் பட்டிமன்றப் பேச்சாளர்களும் போகிறார்கள். இட்லி தோசையும் பறையாட்டமும் நடக்கிற அந்த மூன்று நாளில் ஒரு மணி நேரத்தை இந்த மசோதாவுக்கு ஒதுக்கிப் பேசினால் என்ன என்று அண்ணனிடம் கேட்டேன். முதலில் தன் தொகுதி காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். எழுதினாரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்க வேண்டும். மதினியிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.